அம்புக்குறி சரி, ரோடுதான் இல்லை

காரின் முன்கண்ணாடியில் ரப்பர் குமிழை அழுத்தி ஒட்டுவார்களே, உள்ளங்கை அகலத்தில் ஒரு நேவிகேட்டர் பெட்டி, அதை எடுத்துக்கொள்வோம். 2010 வாக்கில் வாங்கியது. உள்ளே இருக்கும் வரைபடமும் அந்த வருடத்தது. இன்று அதைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் வண்டியை விட்டால் திரையில் ஒரு வேடிக்கை நடக்கும். பெட்டி வாங்கிய நாளில் அந்தச் சாலை போக்குவரத்துக்கு வரவில்லை. அதனால் வரைபடத்தில் அந்த இடமெல்லாம் வெறும் வெளி. அந்த வெளியின் மேல் நம் காரைக் குறிக்கும் அம்புக்குறி மட்டும் 80 கிலோமீட்டர் வேகத்தில், தடம் எதுவும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே ஏதாவது பழைய கிராமத்துச் சாலை வந்தால் அதில் ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மறுபடியும் வெளி. குரல் விடாமல் யு-டர்ன் எடுக்கச் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார் என்பதில் சந்தேகமே இல்லை: "ஜிபிஎஸ் தப்பா காட்டுது."

ஜிபிஎஸ் அங்கே தப்பே செய்யவில்லை. கார் பூமியின் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதை அது சில மீட்டர் பிசகுக்குள் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. கோட்டை விட்டது வரைபடம்; அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. யு-டர்ன் எடுக்கச் சொன்னதோ மூன்றாவது ஆள், வழிக்கணக்கு. பழைய வரைபடத்தை நம்பி, கூட்டல் கழித்தலில் பிழையில்லாமல், அபத்தமான விடை ஒன்றைச் சொல்கிறது அது. ஆக, ஒரே பெட்டிக்குள் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். நீ எங்கே இருக்கிறாய் என்பவர் ஒருவர், அங்கே என்ன இருக்கிறது என்பவர் ஒருவர், இனி எப்படிப் போகலாம் என்பவர் ஒருவர். மூவரின் நம்பகமும் ஒன்றல்ல. முதலாமவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், இரண்டாமவரை எந்தத் தேதியில் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டு நம்பலாம், மூன்றாமவரை யோசனை சொல்லும் சக பயணி என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். மூவரையும் சேர்த்து 'ஜிபிஎஸ்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் முதலாமவருக்குத் தர வேண்டிய நம்பிக்கையை மூன்றாமவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். நேவிகேட்டரால் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு, உயிர் போனவற்றுக்கும் சேர்த்து, வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலாமவர் ஏன் அவ்வளவு நம்பத்தகுந்தவர்? அவருடைய வேலை அவ்வளவு சின்னது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் செய்வது ஒரே ஒரு காரியம்: நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பது. அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் காரில் இருக்கும் பெட்டி அளந்து, அதைத் தூரமாக்கிக்கொள்கிறது. மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் பெட்டிக்குள் இருப்பது மலிவான கடிகாரம் என்பதால், அதன் பிழையைக் கழிக்க நான்காவது ஒன்று வேண்டும். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 300 மீட்டர் தள்ளிப்போகும். அதற்காகவே மேலே அணுக் கடிகாரங்கள். ஐன்ஸ்டைன் சொன்னபடி அந்தக் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தி ஓடும்; அதையும் கணக்கில் கழித்துத்தான் அனுப்புகிறார்கள். கழிக்காமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகு சேர்ந்துவிடும். கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தச் செயற்கைக்கோள் காரைப் பார்ப்பதில்லை, ரோட்டையும் பார்ப்பதில்லை. 'சேட்டிலைட் மேலேர்ந்து பாத்து சொல்லுது' என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மணிக்கூண்டு, மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

பல மாதம் டிராயரில் கிடந்த பெட்டியைத் திடீரென்று எடுத்து மாட்டினால், இடத்தைக் கண்டுபிடிக்காமல் அது பாட்டுக்கு முழித்துக்கொண்டு நிற்கும். பழுதென்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. விஷயம் வேறு. செயற்கைக்கோள் தன் செய்தியை அனுப்பும் வேகம் நொடிக்கு வெறும் 50 பிட். அது எங்கே இருக்கிறது என்ற துல்லியக் குறிப்பை வாங்கவே அரை நிமிடம் ஆகும்; எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுவான கால அட்டவணையையும் முழுதாக வாங்கி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம். செல்போன் மட்டும் உடனே காட்டுகிறதே என்றால், அது இந்தக் குறிப்புகளைக் குறுக்கு வழியில் டவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வண்டியைக் கிளப்புமுன் திறந்த வானத்தின் கீழ் பெட்டியைச் சற்று நேரம் சும்மா விட்டுவைத்தால் போதும், அதன் கோபம் தணிந்துவிடும்.

இந்தச் சேவையின் வரலாறு தெரிந்ததுதான், சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவம் முதல் செயற்கைக்கோளை ஏவியது 1978இல். 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்தச் சேவை பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. கொடுத்தார்களே தவிர, வேண்டுமென்றே சுமார் 100 மீட்டர் வரை பிசகைக் கலந்து கொடுத்தார்கள். அண்ணா சாலையில் நிற்கிற காரைப் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும் அளவு பிசகு அது. 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் உத்தரவால் அந்தக் கலப்படம் நின்றது. அதற்கு அப்புறம்தான் கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்களின் கார் பெட்டிகள் வீட்டுச் சாமானாகப் பரவின. நாமும் சும்மா இல்லை. 2013 ஜூலையில் தொடங்கி, ஏழு செயற்கைக்கோள்கள் கொண்ட நம்முடைய சொந்த ஏற்பாட்டை இஸ்ரோ உருவாக்கியது. 2016இல் அதற்கு 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள். அதன் அணுக் கடிகாரங்கள் சில பழுதானதும், 2023 மே மாதம் உள்நாட்டிலேயே செய்த கடிகாரத்தோடு அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனதும் தனிக் கதை. நாவிக் வந்தால் வழி தவறாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது முதலாமவரின் கையைப் பலப்படுத்தும். மற்ற இருவரை அது தொடக்கூட முடியாது.

முதலாமவருக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கவாட்டு இடத்தைவிட உயரத்தைச் சொல்வதில் அவர் பலவீனமானவர். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது காரணம். ஆகவே கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்பது பெட்டிக்கு லேசில் பிடிபடாது. பக்கத்திலேயே ஒட்டிப்போகும் சர்வீஸ் ரோட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் வித்தியாசம் காண்பதிலும் இதே திண்டாட்டம். உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஏமாற்றும். ஆனால் இவையெல்லாம் சில மீட்டர் விவகாரம். ஒரு திருப்பத்தைத் தவறவிடுவீர்கள், அடுத்த திருப்பத்தில் சரியாகிவிடும். ஊரே மாறிப்போவதற்கும் ஆற்றில் விழுவதற்கும் இவர் காரணமாவதில்லை.

அந்தக் கத்திப்பாராவின் பக்கத்திலேயே இருக்கிறது பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கத்தை நோக்கிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இந்தியாவையே முக்கோணங்களால் அளந்த மாபெரும் அளவைப் பணிக்கு அதுதான் அடிக்கோடு. அவரிடம் இருந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. லாம்டன் அதைத் தன் கையாலேயே நிமிர்த்திச் சரி செய்தார். அவ்வளவு பாடுபட்டு அவர் கண்டுபிடித்தது என்ன? இந்தக் குன்று பூமியில் எங்கே இருக்கிறது, அந்தக் கோபுரம் எங்கே இருக்கிறது என்ற புள்ளிகளைத்தான். அந்த முக்கோணங்களுக்கு உள்ளே எந்த ஊர், எந்த வண்டித்தடம், எந்த ஓடை என்பதை நிரப்பியவர்கள் வேறு சர்வேயர்கள். பலகையும் காகிதமுமாகக் கால்நடையாக அலைந்தவர்கள். இருநூறு வருடங்களுக்கு முன்பே வேலை இரண்டாகத்தான் பிரிந்திருந்தது. லாம்டனின் வேலையைச் செயற்கைக்கோள் வாங்கிக்கொண்டுவிட்டது, அவரைவிடப் பிரமாதமாகவும் செய்கிறது. அந்தக் கால்நடை ஆளின் வேலையை முழுசாக வாங்கிக்கொள்ள இன்னும் ஒரு கருவி வரவில்லை.

செயற்கைக்கோளே இல்லாமல் கார் நேவிகேட்டர் ஓடியிருக்கிறது என்பது இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி. 1981இல் ஹோண்டா ஒன்றைக் கொண்டுவந்தது. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதைக் கருவிகளால் உணர்ந்து இடத்தைக் கணித்தார்கள். 1985இல் அமெரிக்காவில் வந்த 'ஈடாக்' நேவிகேட்டர் இன்னும் சுவாரசியம். பாட்டு கேட்கிற மாதிரியான காசெட்டில் தெரு வரைபடம் பதிந்திருக்கும். சக்கரச் சுழற்சியையும் திசைகாட்டியையும் வைத்துக் கணக்கிட்டு, கார் எந்தத் தெருவில் போகிறது என்று சிறு திரையில் காட்டும். நகரின் அடுத்த பகுதிக்குப் போனால் காசெட்டை மாற்ற வேண்டும். அதன் பெயரே பசிபிக் தீவுக்காரர்கள் கருவியில்லாமல் கடலில் வழி காணும் முறையிலிருந்து எடுத்தது. ஜிபிஎஸ் இல்லாத நேவிகேட்டர் இருந்திருக்கிறது. வரைபடம் இல்லாத நேவிகேட்டர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சந்தையும் இதையே சொன்னது, பணத்தால் சொன்னது. செயற்கைக்கோள் செய்தி யாருக்கும் இலவசம். ஆண்டெனா வைத்திருந்தால் போதும். ஆனால் 2007இல் நோக்கியா, தெரு வரைபடம் தயாரிக்கும் 'நாவ்டெக்' என்ற நிறுவனத்தை வாங்க ஒப்புக்கொண்ட விலை 810 கோடி டாலர். மறு வருடம் டாம்டாம் தன் பங்குக்கு 'டெலி அட்லஸ்' வரைபட நிறுவனத்தை 290 கோடி யூரோவுக்கு வாங்கியது. இலவசமாய்க் கொட்டுகிற பொருளுக்குத் துணைப் பொருளாக இவ்வளவு விலையா என்றால், ஆம். ஒருவழிப்பாதை எது, எங்கே இடதுபக்கம் திரும்பக் கூடாது, எந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று ஆள் அனுப்பிப் பார்த்துப் பதிந்து வைத்த நிறுவனங்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. 2009 அக்டோபர் 28 அன்று கூகுள், ஆண்ட்ராய்டு போனில் குரல் வழிகாட்டலை இலவசமாகத் தரப்போவதாக அறிவித்ததும் கார்மின், டாம்டாம் இரண்டின் பங்குகளும் அன்றே சரிந்தன. இந்தியாவில் 'மேப்மைஇந்தியா' 1995 முதலே இந்த வேலையில் இருக்கிறது. ஆனால் இங்கே வரைபடம் தயாரிப்பதென்றாலே அனுமதி, தடையில்லாச் சான்று என்று பல படிகள் ஏற வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு அந்தப் பிடியைப் பெருமளவு தளர்த்தியது. சாலை போடும் வேகத்துக்கு வரைபடம் ஏன் ஈடுகொடுக்கவில்லை என்று கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

பழைய பெட்டியிடம் ஒரு நேர்மை இருந்தது. அமைப்புகள் பகுதிக்குள் போய்ப் பார்த்தால் வரைபடம் எந்த வருடத்தது என்று எழுதியிருக்கும். புதுப்பிக்கக் காசு கேட்டார்கள். புதுப்பிக்காதவர்களுக்கு அது பழசு என்பதாவது தெரிந்திருந்தது. போனில் இந்தத் தேதி மறைந்துவிட்டது. மேலே போக்குவரத்து நெரிசல் நிமிடத்துக்கு நிமிடம் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவர், கீழே இருக்கும் ரோடும் இன்றைக்குப் பார்த்து வரைந்ததுதான் என்று எண்ணிக்கொள்கிறார். அந்தச் சிவப்பே கண்ணால் கண்டதல்ல. நம்மைப் போன்றவர்களின் போன்கள் மெதுவாக நகர்வதை வைத்து ஊகித்தது. 2020இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சின்ன இழுவண்டியில் போட்டு, காலித் தெருவில் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்தது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் யாரும் போகாத ரோட்டில், ராத்திரி நேரத்தில், ஊகிக்க எதுவும் இல்லை. ஆபத்து காத்திருக்கிற ரோடுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

இனி மூன்றாமவர். வழிக்கணக்கின் மூலத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, சுமார் இருபது நிமிடத்தில், தாள் பேனா இல்லாமல் யோசித்து முடித்தார். 1959இல் அது அச்சேறியது. கேள்வி எளிது: ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறைந்த தூரத்தில் போவது எப்படி? ஊர்களைப் புள்ளிகளாகவும் ரோடுகளை விலை எழுதிய கோடுகளாகவும் வைத்துக்கொண்டால், மொத்த விலை குறைந்த வழியை அந்த முறை தவறாமல் கண்டுபிடிக்கும். இன்றைய பெட்டிகள் அதை எவ்வளவோ வேகப்படுத்திவிட்டன, அடிப்படை அதுவே. விடை தவறாது. விலைதான் பிரச்சினை. ஒரு ரோட்டுக்கு எழுதும் விலையில் அதன் நீளமும் வேகமும் அடங்கும். தரை எப்படி, சரிவு எவ்வளவு, லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடமுண்டா, மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் எவ்வளவு ஓடும் என்பவை அதில் அடங்குவதில்லை, அல்லது அரைகுறையாக அடங்கும்.

நீலகிரி இதற்குப் பாடம் நடத்தும் இடம். ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போக இரண்டு இறக்கம். ஒன்று கூடலூர் வழி, சுற்று. மற்றொன்று கல்லட்டி வழி மசினகுடிக்கு, தூரத்தில் ஏறக்குறையப் பாதி. தூரத்தை மட்டும் விலையாக எழுதினால் கல்லட்டிக்கு மாலை போட்டே ஆக வேண்டும். ஆனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அத்தனையும் செங்குத்து. சமவெளியில் ஓட்டிப் பழகியவர் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும். முதல் கியரில், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டிய மலை அது. பல விபத்துகளுக்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத் திறக்கும். 27 கொண்டை ஊசி கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை. கணக்கில் இந்தக் கடிகாரம் ஏறியிருந்தால் சரி. ஏறாவிட்டால் செக்போஸ்ட் வரைக்கும் அழைத்துப்போய் நிறுத்தும். 2024 ஜனவரியில் அதே கூடலூரில், கர்நாடகத்திலிருந்து வந்த சுற்றுலாக் கார் ஒன்று போன் காட்டிய வழியில் போய், குடியிருப்புகளுக்கு நடுவே மக்கள் நடந்து ஏறும் படிக்கட்டில் இறங்கிச் சிக்கியது. புள்ளி சரி. அங்கே ஒரு பாதை இருப்பதும் நிஜம். அது சக்கரத்துக்கா காலுக்கா என்பதுதான் வரைபடத்தில் இல்லை.

இதற்கெல்லாம் ஓட்டுநரையே குற்றம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கண் எதற்கு இருக்கிறது, படியைப் பார்த்தும் ஏன் இறக்கினான் என்று. அந்தக் கேள்வி கூடலூருக்குப் பொருந்தலாம், பரேலிக்குப் பொருந்தாது. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் போன கார் ஒன்று பாலம் முடியும் இடத்தில் கீழே விழுந்து மூவர் இறந்தார்கள். முந்தைய வருட வெள்ளத்தில் பாலத்தின் அணுகுசாலை அடித்துப் போயிருந்தது. தடுப்பு ஒழுங்காக இல்லை. வழிகாட்டும் செயலியைப் பார்த்து ஓட்டியதாகச் செய்திகள் வந்தன. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் செயலி நிறுவனத்தின் அதிகாரி மீதும் போலீஸ் வழக்குப் பதிந்தது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவிலும் இதே கதை: 2013இல் இடிந்து, சரிசெய்யாமலே கிடந்த பாலத்திலிருந்து ஒருவர் காரோடு விழுந்து இறந்தார். 2009இல் கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் பெட்டி காட்டிய தடத்தில் போய் மணலில் புதைந்து நின்ற காரில் ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். தாயைச் சில நாள் கழித்து உயிரோடு மீட்டார்கள். மூன்றிலும் செயற்கைக்கோளின் கணக்கில் பிசகில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த ரோடு இப்போது இல்லை, அல்லது கார் போகும் ரோடாக இல்லை. இருட்டில், நல்ல தார் போட்ட பாலத்தின் மேல் போகிறவனிடம், முடிகிற இடத்தைக் கண்ணால் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வது ஈரமில்லாத பேச்சு.

அப்படியானால் டீக்கடையில் கேட்டுவிட்டுப் போகலாமே என்பது அடுத்த வாதம். கேட்க வேண்டும்தான். ஆனால் டீக்கடைக்காரர் எதில் கெட்டிக்காரர் என்று தெரிந்து கேட்க வேண்டும். "நேரா போய் பாலம் எறங்குன ஒடனே சோத்தாங்கைப் பக்கம்" என்று அவர் சொல்வதை வைத்து இரண்டு திருப்பம் வரைக்கும் போகலாம், மூன்றாவதில் இன்னொரு டீக்கடை தேட வேண்டும். நூறு கிலோமீட்டர் கணக்கு அவரிடம் இல்லை. ஆனால் நேற்றுப் பெய்த மழையில் தரைப்பாலம் மூழ்கியது அவருக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. பாலம் பழுதானால் கிராமத்தில் முதல் காரியமாக ரோட்டின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டு, நடுவில் ஒரு கல்லை வைத்து, கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். வரைபடத்தை அவ்வளவு சீக்கிரம் புதுப்பிக்கிற நிறுவனம் உலகில் எங்கேயும் கிடையாது. டீக்கடையும் பெட்டியும் போட்டியாளர்கள் அல்ல. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புகிறார்.

போன் இருக்கும்போது தனிப்பெட்டி எதற்கு என்ற கேள்விக்கும் இதே பாகுபாட்டை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். சென்னை, கோவை நெரிசலுக்குள் பெட்டி தோற்றுவிட்டது, அதில் விவாதமில்லை. வரைபடத்தின் புதுமையிலும் வழிக்கணக்கிலும் போன் ஜெயித்துவிட்டது. மலையிலும் காட்டிலும் கதை வேறு. முன்கூட்டியே பதிவிறக்கம் செய்து வைக்காத போன், டவர் போனதும் வரைபடத்தை இழந்து வெறும் புள்ளியாகிவிடும். பெட்டிக்கு வரைபடம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் டாஷ்போர்டில் சார்ஜ் ஏறிக்கொண்டே எரிகிற போன் சூடு தாங்காமல் படுத்துவிடும். அதோடு போன் அடிக்கும், வாட்ஸ்அப் ஒலிக்கும், திருப்பத்தில் மாமா கூப்பிடுவார். 2020 அக்டோபர் 1 முதல் மோட்டார் வாகன விதி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், அனுமதிக்கிறது. அந்த விதியை மீறவே முடியாத கருவி பெட்டிதான். அதற்கு வேறொன்றும் செய்யத் தெரியாது. இதற்காக எல்லோரும் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. மலைப்பயணம் அடிக்கடி போகாதவருக்கு, போனில் அந்த மாவட்டத்து வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வதே போதும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் மூளை பற்றியது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதி உரிமம் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை எலினார் மக்வைர் குழு 2000இல் காட்டியது. 2020இல் கனடாவில் டஹ்மானி, போபோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பி ஓட்டுகிறவர்களுக்கு, சொந்தமாக வழி கண்டுபிடிக்க வேண்டிவரும்போது இட நினைவு குறைவாக இருந்தது. சிலரை மூன்று வருடம் கழித்து மறுபடி சோதித்ததில் அதிகம் பயன்படுத்தியவர்களிடம் சரிவும் அதிகம். ஆளின் எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. ஆனால் மூவரில் யார் இதற்குக் காரணம்? "200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்ற குரல். நீ எங்கே இருக்கிறாய் என்று புள்ளி வைத்துக் காட்டுகிறவர் நம் யோசனையைப் பிடுங்குவதில்லை; வரைபடமும் பிடுங்குவதில்லை, யோசிக்கத் தீனி போடுகிறது. அடுத்த திருப்பத்தை மட்டும் சொல்லி மிச்சத்தை மறைத்துவிடுகிற மூன்றாமவர்தான் பிடுங்குகிறார்.

ஆகவே குரலை அணைத்துவிட்டு, கார் திரும்பும்போதெல்லாம் கூடவே சுழலும் காட்சியை மாற்றி வடக்கு எப்போதும் மேலேயே இருக்கும்படி வைத்து, முழு வழியையும் கிளம்புமுன் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டினால், பெட்டியின் பலனில் முக்கால்வாசி கையில் இருக்கும், மூளைக்கும் வேலை இருக்கும். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். வழக்கமாகப் போகிற ஊரில் பழகிக்கொண்டு, தெரியாத ஊரில் ராத்திரி தனியாக மாட்டிக்கொள்ளும்போது குரலைத் திரும்பப் போட்டுக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஓட்டுகிறவர் செய்யக்கூடியது அவ்வளவே. மிச்சம் வரைபடக்காரரும் அரசாங்கமும் செய்ய வேண்டியது. கடைசியாக எப்போது சரிபார்த்தது என்ற தேதியை, ஆள் நடமாட்டம் குறைந்த ரோடுகளிலாவது, திரையிலேயே காட்டினால் என்ன குறைந்துவிடும்? பழைய பெட்டி அமைப்புகளுக்குள் ஒளித்தாவது வைத்திருந்தது. அரசாங்கத்திடம் கேட்பது இன்னும் சிறியது. பாலம் பழுது, மலைப்பாதை மூடல், இரவுத் தடை என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடும்போது, தாளின் கீழே 'நகல்' என்று போட்டு ஒரு பட்டியல் வரும்: காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர், தீயணைப்பு நிலையம், செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என்று. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பஸ் வழி மாறுகிறது, மறுநாள் பேப்பரில் செய்தி வருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரு பொது இணையதளத்துக்கும் அதே உத்தரவு போகட்டும். எந்த வரைபட நிறுவனமும் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு வேண்டியது அந்தப் பட்டியலின் அடியில் ஒரே ஒரு வரி.